முற்றத்துக் குப்பையும் அம்மாவின் இருமலும்

(நூற்றாண்டையொட்டி உருத்திரபுரத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சூழலுக்கும் உடலுக்கும் நல்ல வீட்டுப் பழக்கங்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மா ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனாலும் அறுபது வயதுக்குப் பிறகு நாலு படி ஏறவே மூச்சு வாங்கியது. பரிசோதித்தபோது நாட்பட்ட சுவாசத்தடை நோய். புகைக்கூடு இல்லாத குசினியில் நாற்பது வருடம் அடுப்பு ஊதியதன் பலன். "தூசிக்கு இருமுறா" என்று வைத்தியரான நானே பல வருடம் பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டு அடுப்புப் புகையால் உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 இலட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

காஸ் வாங்க முடியாதவர்களும் செய்யக்கூடியவை உண்டு. விறகைச் சிறிதாகப் பிளந்து நன்றாகக் காயவிடுங்கள். பானையை மூடிச் சமையுங்கள். பயறு, கடலையை முதல்நாளே ஊறப்போடுங்கள். குசினி யன்னலைத் திறந்து வையுங்கள். சமைக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்காதீர்கள். வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளே, ஊர் வீட்டைத் திருத்தக் காசு அனுப்பினால் மாபிளுக்கு முன் ஒரு புகைக்கூட்டைக் கட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது முற்றம். விடியக் கூட்டி, குவித்து, நெருப்பு வைப்பது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் அம்மம்மா காலத்துக் குவியலில் இருந்தவை சருகும் ஓலையும். இன்று அதே குவியலுக்குள் சொப்பிங் பையும் பால்மாப் பைக்கற்றும் பி.வி.சி. குழாய்த் துண்டும் போகின்றன. அவை எரியும்போது டயொக்சின் போன்ற நஞ்சுகள் வெளிவரும். பிளாஸ்ரிக்கைத் திறந்தவெளியில் எரிப்பது இலங்கையில் 2017 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. மழைக்குப் பயந்து சருகை எரிக்கவேண்டாம். வாழையடியிலும் தென்னையடியிலும் போடுங்கள். ஈரம் நிற்கும், மண் கொழுக்கும். பிளாஸ்ரிக்கைக் கழுவிக் காயவைத்துத் தனியே சேருங்கள். அதைவிட நல்லது, கடைக்குப் போகும்போது பன்பையோ துணிப்பையோ கொண்டுபோவது.

தண்ணீர் பற்றி ஒன்று. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றும் போகாது. வயலை அண்டிய கிணறு என்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிப்பியுங்கள். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இது மிக முக்கியம். கிருமிநாசினிப் போத்தலை எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுக்கவேண்டாம்.

மழைக்காலத்தில் சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். 2017 இல் மட்டும் இலங்கையில் 1,80,000 இற்கும் அதிகமானோர் டெங்குச் சந்தேக நோயாளராகப் பதிவாகினர்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். துளி மண்ணெண்ணெயையும் வீணாக்காமல் வாழப் பழகினோம். அந்தப் பஞ்சம் எங்கள் பிள்ளைகளுக்கு வரவேண்டாம். அந்தக் கவனம் மட்டும் வந்தால் போதும்.

அம்மாவின் குசினிக்கு இப்போது புகைக்கூடு இருக்கிறது. இழந்த மூச்சு திரும்பவில்லை, இருமல் குறைந்திருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவின் இருமலைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.