சாயத் தண்ணீரும் நம்முடைய கணக்கும்
(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



செல்வம் அனைத்தையும் படைப்பது உழைப்பே என்று மேடைக்கு மேடை முழங்கி வருகிறோம். 1875-ல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோதா திட்டத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதினார்கள். மார்க்ஸ் ஒப்பவில்லை. உழைப்பைப் போலவே இயற்கையும் செல்வத்தின் ஊற்றுதான் என்று திருத்தினார். பஞ்சில்லாமல் எந்தக் கை நூல் நூற்கும்?

திருப்பூரைப் பாருங்கள். பனியன் துணிக்குச் சாயம் ஏற வேண்டுமானால் ஏராளமான தண்ணீர் வேண்டும், உப்பும் வேண்டும். சாயம் துணியில் தங்கும், உப்பு தங்காது. அது எங்கே போயிற்று? வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யலில் போயிற்று. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் குட்டையாயிற்று. தண்ணீர் திற என்று கேட்க வேண்டிய விவசாயி, மதகைத் திறக்காதே என்று போராடினான்! நிலம் உவர்ந்தது, கிணறு கெட்டது. நிலமுடையவன் வழக்குப் போட்டான். நிலமில்லாத கூலியாளுக்கு வேலை போயிற்று, அவன் யார் மீது வழக்குப் போடுவான்?

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பட்டறைத் தொழிலாளி தெருவில் நின்றான். உன் சோற்றைப் பறித்தவன் விவசாயி என்று அவன் காதில் ஓதினார்கள். லாபம் குவிந்த காலத்தில் சுத்திகரிப்புக்குப் பணம் ஒதுக்காதவர் யார் என்பதை மட்டும் பேசவில்லை.

நம்மையும் சொல்லிக் கொள்ள வேண்டும், தோழர்களே. கூலி கேட்டோம், போனஸ் கேட்டோம், சரிதான். பட்டறையின் பின்வாய்க்கால் எங்கே போகிறது என்று நாம் போதிய அளவு கேட்கவில்லை. அந்த வாய்க்காலைத் தினம் பார்த்தவர்கள் நாம்தான்.

வழி இல்லாமல் இல்லை. கழிவுநீரைச் சவ்வு வழியே அழுத்தி வடிக்கலாம். மிஞ்சுவதைக் காய்ச்சி உப்பையும் மீட்கலாம். தண்ணீரும் உப்பும் மறுபடி பட்டறைக்கே உதவும். செலவும் மின்சாரமும் அதிகம், உண்மை. அந்தச் செலவைப் பனியன் வாங்கி விற்கும் அயல்நாட்டுக் கம்பெனியும் முதலாளியும் ஏற்கட்டும். நம் கூலியில் வெட்டவும் வேண்டாம், ஆற்றின் தலையில் கட்டவும் வேண்டாம்.

அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கு மனு எழுதும்போது, சுத்திகரிப்பு நிலையத்தின் கணக்கைத் தொழிலாளிக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு கோரிக்கை சேருங்கள். அதை எழுதும் நாளில் நொய்யல் கரை விவசாயத் தொழிலாளர்களையும் வரவழைத்து, பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள்.