ஏவலும் புள்ளியும்

'வளர்ச்சிக் காரணி' என்னும் கலைச்சொல்லில் எனக்கொரு குறையுண்டு. காரணி என்றதும் அதுவே உயிரணுவை வளர்ப்பதாக மாணவர் எண்ணிவிடுகின்றனர். ஸ்டான்லி கோஹன் பிரித்தெடுத்த, எலிக்குட்டிகளின் இமைகளை முன்னதாகவே திறக்கச் செய்த புரதத்தில் 53 அமினோ அமிலங்களே உள்ளன. அது உயிரணுவுக்குள் நுழைந்து வேலை செய்வதன்று. புறத்தேயுள்ள ஏற்பியைப் பற்றுகிறது, அவ்வளவே. நம் இலக்கணத்தில் அதற்குப் பெயர் ஏவல்.

ஏவப்பட்ட ஏற்பிகள் இணைந்து, ஒன்றன் டைரோசின்மீது மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியளவே அது. ஆயினும் உள்ளிருக்கும் புரதங்கள் அதைக் கண்டே வந்து ஒட்டுகின்றன. (புள்ளி விடுபட்டால் மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்கள் மகிழலாம்.) நிறை நிறமாலைமானி அப்புள்ளியை எடையால் அறிகிறது: ஏறத்தாழ 80 டால்டன் கூடுதல். சல்பேட் ஏறினாலும் 80தான், வேறுபாடு 0.01 டால்டனுக்கும் குறைவு. லகர ளகரத்தை மயங்கவிடாத செவி அக்கருவிக்கு வேண்டும்.

'காரணி' வேரூன்றிவிட்டது, அகற்றச் சொல்லேன். வகுப்பில் அச்சொல் வரும்போது ஏவலையும் உடன் சொல்லிவையுங்கள்.