31 நிமிஷமா, 43 நிமிஷமா?

போன எபிசோட் வெளியான அன்னைக்கே ஒரு நேயர் மெசேஜ் போட்டிருந்தார். "ப்ரோ, ஆப்ல 31 நிமிஷம்னு இருந்துச்சு. மெட்ரோல இறங்குறதுக்குள்ள முடிஞ்சிடும்னு ஆரம்பிச்சேன். 31 தாண்டியும் பேசிக்கிட்டே இருக்கீங்க!" அந்த எபிசோடோட உண்மையான நீளம் 43 நிமிஷம்.

தப்பு என்னோடதுதான். நீளத்தை நான் கையால போடுறதில்ல. ஒரு ஸ்கிரிப்ட் எஃப்எஃப்ப்ரோப்கிட்ட கேட்டு, வர்ற எண்ணை ஆர்எஸ்எஸ் ஃபீட்ல எழுதிடும். எல்லாரும் காப்பி அடிக்கிற அதே கமாண்ட்: எஃப்எஃப்ப்ரோப், மைனஸ் வி எரர், மைனஸ் ஷோ அண்டர்ஸ்கோர் என்ட்ரீஸ், ஃபார்மட் ஈக்வல்ஸ் ட்யூரேஷன், அப்புறம் ஃபைல் பேர். விநாடிக் கணக்குல பதில் வரும்.

அந்த எண் எங்கிருந்து வருது? எம்பி3-ங்கிறது குட்டிக் குட்டி ஃபிரேம்களோட வரிசை. ஒவ்வொண்ணுலயும் 1152 சாம்பிள். 44,100 ஹெர்ட்ஸ்ல சுமார் 26 மில்லிசெகண்ட். மொத்தம் எத்தனை ஃபிரேம்னு ஆரம்பத்துல இருக்கிற ஸிங் ஹெடர் சொல்லும். நான் என்ன பண்ணேன்னா, இன்ட்ரோ மியூசிக்கையும் பேச்சையும் தனித்தனி எம்பி3-யா வெச்சு, லினக்ஸோட 'கேட்' கமாண்ட்ல அப்படியே ஒட்டிட்டேன். (பூனை இல்லீங்க, ஃபைல் ஒட்டுற கமாண்ட்.) முன்னாடி நிக்கிற ஹெடருக்கு இன்ட்ரோவோட கணக்கு மட்டும்தான் தெரியும். ஃபைல் அதைவிட ரொம்பப் பெருசா இருக்கேன்னு எஃப்எஃப்ப்ரோப் ஹெடரை ஒதுக்கிட்டு, ஃபைல் சைஸை பிட்ரேட்டால வகுத்துடுச்சு. எந்த பிட்ரேட்? ஆரம்பத்துல பார்த்தது. மியூசிக்குக்கு அது அதிகம், பேச்சுக்குக் கம்மி. பெரிய எண்ணால வகுத்தா நீளம் குறையத்தானே செய்யும்!

கடுப்பு என்னன்னா, 'இது ஒட்டுப்போட்ட ஃபைல், பிட்ரேட்டை வெச்சுதான் சொல்றேன்'னு அது வார்னிங் கொடுக்கத்தான் செய்யுது. மைனஸ் வி எரர்னு போட்டு அதோட வாயை அடைச்சதே நான்தான்.

சந்தேகம் வந்தா முழுசா டிகோட் பண்ணிப் பாருங்க: எஃப்எஃப்எம்பெக், மைனஸ் ஐ, ஃபைல் பேர், மைனஸ் எஃப் நல், கடைசியா தனியா ஒரு மைனஸ். எதையும் சேமிக்காது. முடியும்போது 'டைம்'னு காட்டுறதுதான் நிஜ நீளம். இப்போ ஸ்கிரிப்ட்ல இதைத்தான் வெச்சிருக்கேன். ஒட்டுறதையும் வேவ் ஃபைலா இருக்கும்போதே முடிச்சிட்டு, எம்பி3-யா ஒரே தடவைதான் மாத்துறேன்.

ஃபீடைத் திருத்திட்டேன். 31-லயே நிறுத்தினவங்க திரும்பப் போங்க. கெஸ்ட் தன்னோட வேலை போன கதையை ஆரம்பிக்கிறதே 34-வது நிமிஷத்துலதான்.