இருபுறமும் திறக்கும் வாயில்

அலுவலகத்திலிருந்தே வீட்டுக் கணினியை இயக்குவது வசதியானதே. ஆயினும் அது ஒருவழிப் பாதையன்று. மறையாக்கம் பெற்ற இணைப்பினுள் செல்வதை அலுவலகத்தின் ஃபயர்வால் எளிதில் அறிய இயலாது. வீட்டிலோ ஒரே கணினியைக் குடும்பத்தினர் பலர் கையாள்வர். மென்பொருள் திருத்தங்களும் பெரும்பாலும் காலத்தே செய்யப்படுவதில்லை.

ரிமோட் டெஸ்க்டாப் வசதிக்குரிய 3389ஆம் போர்ட்டை இணையத்திற்குத் திறந்து வைத்தல் ஊடுருவுவோரை வரவேற்பதற்கு ஒப்பாகும். விண்டோஸின் பழைய பதிப்புகளில் 2019இல் வெளிப்பட்ட 'புளூகீப்' குறைபாடு, கடவுச்சொல் இன்றியே உட்புக இடமளித்தது.

கணினி ஊடுருவல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டுமென 'செர்ட்-இன்' 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. நிறுவனமே அறியாத வழியில் நேர்ந்ததை எங்ஙனம் தெரிவிப்பது?

ஆகவே, முன் அனுமதியும் இருபடிச் சரிபார்ப்பும் இன்றி இவ்வாயிலைத் திறவாதிருத்தல் ஊழியர் கடமையாகும். பாதுகாப்பான மாற்று வழியை அமைத்துத் தருதல் நிர்வாகத்தின் கடமையாகும்.