பகாங்கில் கிடைத்த ஒரு பல்

1922 முதல் ஆசிரியர்களை உருவாக்கிவரும் ஊர் தஞ்சோங் மாலிம். நாளை தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் நிற்கப்போகும் பலர் எதிரில் அமர்ந்திருக்கிறீர்கள். அதனால், எங்கோ தொலைதூரத்து விலங்காகப் பிள்ளைகள் அறிந்திருக்கும் டைனோசரைப் பற்றிய பேச்சை நம் நாட்டு மண்ணிலேயே தொடங்குகிறேன்.

மலேசியாவின் முதல் டைனோசர் புதைபடிவத்தை மலாயாப் பல்கலைக்கழகம் 2014 பிப்ரவரியில் அறிவித்தது. மசதோஷி சோனே தலைமையிலான குழு, ஜப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து பகாங்கின் உட்பகுதியில் அதைக் கண்டெடுத்தது. கிடைத்தது ஒரே ஒரு பல். நீளம் 23 மில்லிமீட்டர், அகலம் 10. நாம் இருக்கும் பேராக்கில் ஏன் கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகள் கடலடியில் படிந்தவை, டைனோசர் காலத்துக்கும் மூத்தவை. பகாங்கில் இருப்பவையோ கிரேத்தேசியஸ் காலத்து ஆற்றுப் படிவுகள்.

அந்தப் பல்லை உற்றுப் பாருங்கள். ஊனுண்ணி டைனோசர்களின் பல் பெரும்பாலும் தட்டையாகப் பின்னோக்கி வளைந்திருக்கும். சதையை அறுக்க விளிம்பில் ரம்பப் பற்கள் இருக்கும். பகாங் பல்லில் அடியிலிருந்து நுனிவரை தடித்த வரிகள் ஓடுகின்றன; எனாமலின் மேல் மிக நுண்ணிய சுருக்கங்களும் தெரிகின்றன. வரிகள் முதலைப் பல்லிலும் உண்டு. இரண்டும் சேர்ந்திருப்பதைக் கண்ட பிறகே, மீனுண்ணிகளான ஸ்பைனோசோரிட் குடும்பம் என்று முடிவு செய்தார்கள்.

பல்லை நம்புவதில் ஆபத்தும் உண்டு. ஒரே தாடையில் முன்பல் ஒரு விதம், பக்கப்பல் வேறு விதம். குட்டிக்கும் வளர்ந்ததற்கும் வேறுபாடு. அமெரிக்காவில் ஜோசப் லைடி 1868இல் ஆப்லிசோடான் என்று தனிப்பெயர் வைத்த பற்கள், டைரனோசர் குடும்பத்தின் முன்பற்கள்தான் என்று பின்னர் தெரியவந்தது. அதனால்தான் ஜோஷுவா ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வேறு வழி காட்டினார்கள். இன்னதென்று தெரிந்த விலங்குகளின் பற்களை முதலில் அளந்தார்கள்: உயரம், அடிப்பகுதியின் நீள அகலம், வளைவு, ரம்பப் பற்களின் நெருக்கம். அந்த அளவுகளோடு ஒப்பிட்டே தனிப்பல்லுக்கு இடம் தேடினார்கள். ஒரு விலங்குக்குள்ளேயே எவ்வளவு மாறும் என்று தெரியாமல், இரண்டு விலங்குகளுக்கு இடையிலான வேறுபாட்டை அளக்க முடியாதல்லவா?

தமிழ்நாட்டிலும் இப்படியொரு பல் உண்டு. அரியலூர் வட்டாரத்தின் கல்லமேடு படிவுகளில் கிடைத்த சிறு பல்லை, கோஸ்வாமி, பிரசாத் முதலியோர் 2013இல் ட்ரூடோன்டிட் குடும்பத்தைச் சேர்ந்தது என்றார்கள். வடகோளக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த குடும்பம் அது. ஒரே பல்லை வைத்து அவ்வளவு தூரம் போவது பெரிய துணிவு என்பது என் கருத்து.

தாய்லாந்தில் 1986இல் பற்களை மட்டுமே கொண்டு சயாமோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் செல்லுமா என்ற விவாதம் பிறகு எழுந்தது. சோனே குழுவினர் புதுப்பெயர் சூட்டாமல் குடும்பத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பெயர் வைக்க, பற்கள் பதிந்த தாடைத் துண்டாவது வேண்டும். அதைத் தேட இடமும் உண்டு: பகாங், திரங்கானு, கிளந்தான் மூன்றும் சந்திக்கும் காகாவ் மலைப் பக்கத்திலும் அதே காலத்துப் பாறைகள் இருக்கின்றன.