சின்ன வண்டி, டீசல் இஞ்சின், திறந்த கூரை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுப்பா. டெக்னிக்கலா இருக்கணும், ஆனா யாரும் தூங்கக் கூடாது" என்பது சங்கச் செயலாளரின் உத்தரவு. ஆகவே ஒரு காரைப் பற்றிப் பேசுகிறேன்.

ஜெர்மனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தபோது, பழைய ஸ்மார்ட் ஃபோர்டூ கேப்ரியோ ஒன்றை ஓட்டினேன். கைக்கடிகாரம் செய்யும் ஸ்வாட்ச்சும் பென்ஸ் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்த முயற்சி அது; 1998-ல் விற்பனைக்கு வந்தது. மறு வருஷமே டீசல், 2000-ல் திறந்த கூரை. நீளம் வெறும் இரண்டரை மீட்டர். நம்ம ஊர் ஆட்டோ சுமார் 2.6 மீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். ஆட்டோவை விடக் குட்டையான கார்! இரண்டே சீட். பின்னால், பெட்டி வைக்கும் இடத்துக்குக் கீழே மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சின், 799 சி.சி., 41 குதிரைசக்தி. கம்பெனிக் கணக்குப்படி நூறு கிலோமீட்டருக்கு 3.4 லிட்டர், அதாவது லிட்டருக்கு 29 கிலோமீட்டர். பட்டனை அமுக்கினால் துணிக் கூரை ஓடும்போதே சுருண்டு பின்னால் போகும். பக்கத்துக் கம்பிகளையும் கழற்றி டிக்கிக் கதவுக்குள் வைத்துவிடலாம்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு கேள்வி. எங்கள் வீடு மயிலாப்பூரில், மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். ஒரு ஆட்டோ நின்றால் இன்னொரு ஆட்டோ யோசிக்கும். அம்மாவுக்கு முட்டி வலி, போதாததற்கு வீசிங். மாதம் இரண்டு முறை அடையாறில் டாக்டர். வாசலிலேயே ஏறி, வாசலிலேயே இறங்கும்படி ஒரு குட்டி வண்டி தேவைப்பட்டது. அந்த ஸ்மார்ட் மாதிரி ஒன்று இங்கே ஓடுமா?

திறந்த கூரையை ஏற்கெனவே சோதித்துப் பார்த்தாச்சு. சித்தப்பாவிடம் பழைய மஹிந்திரா டீசல் ஜீப் இருக்கிறது. மார்கழி விடிகாலையில் கித்தானை அவிழ்த்துவிட்டு கச்சேரி ரோடு, லஸ் கார்னர், மந்தவெளி என்று ஒரு சுற்று வந்தால் காப்பிக்கொட்டை வறுக்கும் மணம், பூக்கடை, கோயில் பாட்டு எல்லாம் கண்ணாடி மறைப்பில்லாமல் வந்து சேரும். சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் "என்ன சார், எவ்வளவு குடுக்குது?" என்று மைலேஜ் கேட்பார். அருமையான அனுபவம். ஆனால் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். எட்டரைக்கு அதே லஸ்ஸில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றால், பஸ்ஸின் புகைக்குழாயும் நம் மூக்கும் ஒரே மட்டம். சித்திரையில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அம்மாவிடம் ஸ்மார்ட் படத்தைக் காட்டினேன். "காசும் குடுத்து கூரையையும் கழட்டிக்கணுமாடா?" என்றார்.

சரி, டீசல்? இங்கேதான் நம் படிப்பு கொஞ்சம் உதவுகிறது. பெட்ரோல் இஞ்சினில் மெதுவாகப் போகும்போது த்ராட்டில் காற்றின் கழுத்தை நெரிக்கிறது. அதை மீறி இழுப்பதிலேயே சக்தி வீணாகும். டீசலில் எரிபொருளைத்தான் கூட்டிக் குறைக்கிறோம், காற்றை நெரிப்பதில்லை. குறைந்த சுற்றிலேயே இழுவையும் உண்டு. எனவே நின்று நின்று நகரும் உஸ்மான் ரோடுக்கு டீசல்தான் சரி என்று தோன்றும்.

கரியைக் கணக்கில் சேர்த்தால் கதை மாறுகிறது. 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் வகுப்பில் சேர்த்தது. புது டீசல் கார்களில் கரியைப் பிடிக்க வடிகட்டி வைக்கிறார்கள். பிடித்த கரி உள்ளேயே எரிய வேண்டும். அதற்கு சுமார் 600 டிகிரி சூடு, கொஞ்ச நேரம் விடாத ஓட்டம். மயிலாப்பூரிலிருந்து தி.நகர் நாலைந்து கிலோமீட்டர். தீபாவளி சீசனில் ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் வடிகட்டி சூடேறாது. வண்டியின் உடம்புக்காக அடிக்கடி மாமல்லபுரம் போய் வரணும். (நம்மில் பலருக்கு ஆட்சேபணை இராது.)

நம் நாட்டிலும் இந்தப் பரிசோதனை நடந்தது. 2015-ல் மாருதி, செலேரியோவில் 793 சி.சி. இரண்டு சிலிண்டர் டீசல் போட்டுக் கொண்டுவந்தது. சாமர்த்தியமான இஞ்சின். ஆனால் 2014 அக்டோபரிலேயே டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கி, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த இடைவெளி சுருங்க ஆரம்பித்திருந்தது. 2017-ல் அது நின்றது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்ததும், சின்ன இஞ்சினுக்குப் பெரிய சுத்திகரிப்புச் செலவு கட்டுப்படியாகாமல், மாருதி டீசல் கார்களையே விட்டது. ஸ்மார்ட்டும் அப்படியே: 2014-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் டீசல் கிடையாது. பழையதை இறக்குமதி பண்ணவும் வழியில்லை. மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காருக்கு நம் விதியில் இடமில்லை, ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருக்க வேண்டும்.

ஆக, மூன்று குணங்களில் 'சின்னது' மட்டும் தேறியது. அதற்கு இப்போது பாட்டரி இருக்கிறது. 2023-ல் வந்த எம்.ஜி. காமெட் மூன்று மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தேன். சீட் உயரம் முட்டிக்கு ஒத்துக்கொண்டது. சந்தில் ஒரே ஒடியில் திரும்பியது. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்கள் கால்களை மடக்கிக்கொள்ளக்கூட இல்லை. பதிவு பண்ணியாச்சு.

ஒத்திகையின்போது ஒரு ஜூனியர் தம்பி கேட்டார்: "அண்ணா, மெக்கானிக் ஷெட்ல சாதாரணக் காரோட கூரையை வெட்டித் தருவாங்களாமே?" தருவார்கள், தம்பி. ஆனால் இந்தக் காலக் கார்களில் தனிச் சட்டம் கிடையாது. கூரையும் தூண்களும் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. வெட்டினால் நடு உடம்பு தொய்யும், கதவு சரியாக மூடாது, மோதினால் கேட்கவே வேண்டாம். தவிர மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆசை இருந்தால் மார்கழியில் வாருங்கள், சித்தப்பாவிடம் ஜீப் சாவியைக் கேட்டு வாங்கித் தருகிறேன். டீசல் செலவு உங்களுடையது.