ஒப்புக்கொண்டால் உரிமை போகுமா?
(சங்கக் கூட்டத்தில் பேசியது)



போன சம்பள நாளன்று ஒரு பஞ்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். வெளியே வந்த ஒரு தங்கை சொன்னாள்: "ரிஜிஸ்தரில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை அண்ணே! கையெழுத்தும் போட்டுவிட்டேன். இனி என்ன கேட்க முடியும்?" வயல்காட்டிலும் இதே பேச்சுத்தான்: "அவர் சொன்ன கூலிக்கு ஒப்புக்கொண்டுதானே இறங்கினோம்?"

இந்த 'ஒப்புக்கொண்டோம்' என்ற வார்த்தையை வைத்துத்தான் முதலாளி நம் வாயைப் பூட்டுகிறார். அஜ்மீரில் ஒரு பஞ்சாலை முதலாளி, சர்க்கார் நிர்ணயித்த கூலி கட்டுப்படியாகாது, குறைந்த கூலிக்கு வேலை செய்யத் தொழிலாளர்களே தயார் என்று வாதாடினார். 1954-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. வயிறு காய்ந்தவன் சொல்லும் 'சரி' சம்மதமா, பசியா? 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டிட வேலை வழக்கில் அதே கோர்ட் இன்னும் தெளிவாகச் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசியல் சட்டத்தின் 23-வது ஷரத்து தடுக்கும் கட்டாய வேலையே.

குறைந்தபட்சம் என்பது எவ்வளவு? 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்குப் போட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, நாலு பேர் குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்கு முதலிய செலவுகளுக்கு 20 சதம். படிப்பு, வைத்தியம், முதுமை இவற்றுக்காக 25 சதத்தை 1991-ல் சுப்ரீம் கோர்ட் சேர்த்தது. ஆளுக்கு 18 கஜம்! கணக்குப் போட்ட கனவான்கள் வீட்டில் எத்தனை கஜமோ. இன்றைய விலைவாசியில் இதைப் போட்டுப் பாருங்கள். வாங்கும் கூலி எங்கே நிற்கிறது என்று தெரியும்.

விவசாயக் கூலி, 1948-ம் வருஷச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது. அப்படியிருந்தும் கீழத் தஞ்சையில் கூடுதல் நெல் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. நியாயக் கூலிச் சட்டம் வந்தது அதற்குப் பிறகு, 1969-ல்.

1948-ம் வருஷச் சட்டம் இப்போது இல்லை. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு நமக்குள்ள சண்டை பெரிது. அதை இன்னொரு நாள் பேசுவோம். இதில் நம் கைக்கு எட்டுவதை விட்டுவிடக் கூடாது. கூலி பாக்கி கேட்டு மனுப் போட முன்பு 6 மாதம்தான் தவணை. இப்போது 3 வருஷம். பாக்கியோடு அதன் 10 மடங்கு வரை நஷ்டஈடு உத்தரவிடலாம். மனுவைச் சங்கமே போடலாம். உரிய கூலியை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது. ஒரே வேலைக்குப் பெண்ணுக்கு ஒரு கூலி, ஆணுக்கு ஒரு கூலி என்பதும் கூடாது. கூடுதல் நேர வேலைக்கு இரட்டைக் கூலி.

அந்தத் தங்கையின் கேள்விக்கு வருவோம். கூலியைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. ஆனால் அவர் நீட்டப்போவது நீங்கள் கையெழுத்திட்ட அதே ரிஜிஸ்தரைத்தான். அதற்கு எதிராக நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டாமா? காலண்டரிலாவது தினமும் குறியுங்கள்: எத்தனை மணிக்குப் போனோம், எப்போது வந்தோம், கையில் வந்தது எவ்வளவு. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பாங்கில் போட்டுவிட்டு ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டால் அன்றே எங்களிடம் சொல்லுங்கள். வயலில் மேஸ்திரி கணக்கு வைத்தால் நாமும் ஒரு நோட்டு வைப்போம்.

அடுத்த சம்பள நாளுக்கு மறுநாள் சாயங்காலம் சங்கக் கட்டிடத்தில் இருப்போம். நோட்டையும் சீட்டையும் எடுத்து வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையையும் கூட்டி வாருங்கள். மனுவை அங்கேயே எழுதுவோம்.